எடுக்கக் கூடாத போன்

எங்கள் வீட்டில் போன் அடித்தால் அதை எடுக்க எனக்கும் அண்ணனுக்கும் அடிபிடியே நடக்கும். ஆனால் சாயங்காலம் ஆறரைக்கு வரும் போனை மட்டும் நாங்கள் தொடக் கூடாது. அது அத்தையின் போன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தாள். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் லாரியில்தான் வரும். குடங்களுக்கு நடுவே தொடங்குகிற சண்டை வீட்டு ஆண்களிடம் போய், அங்கிருந்து சாமிக்கும் போய், ஒரு தடவை இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதற்குப் பிறகு அத்தையும், இத்தா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவும் பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து, லாரி வரும்போதெல்லாம் நடுவில் போய் நிற்க ஆரம்பித்தார்கள். இது எப்படியோ வெளியே தெரிந்து, சமாதானத்துக்காகப் பாடுபடும் பெண்களுக்குப் பல நாடுகளில் துணை நிற்கிற ஓர் அமைப்பு இவர்களையும் சேர்த்துக்கொண்டது. தண்ணிச் சண்டையே தீரவில்லை, அதற்குள் உலக சமாதானமா என்று அப்பா சிரிப்பார். அத்தையும் கூடச் சிரிப்பாள்.

தமிழ் தெரிந்தவள் என்பதால் அத்தைக்கு அவர்கள் ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் ஓர் அக்கா இருந்தாள். காணாமல் போனவர்களின் அம்மாக்களை, எந்த இனம் என்று பார்க்காமல், ஒரே பாயில் உட்கார வைத்துப் பேச வைப்பது அவள் வேலை. அது சிலருக்குப் பிடிக்கவில்லை, மிரட்டல் வந்துகொண்டிருந்தது. அதனால் தினமும் ஆறரைக்கு அவள் எங்கள் வீட்டுக்கு மூன்று பெல் அடித்துவிட்டு வைத்துவிடுவாள். மிஸ்டு கால்தான். பேசினால் யாராவது ஒட்டுக் கேட்கலாம், மிஸ்டு காலில் கேட்க என்ன இருக்கிறது? மூன்று பெல் என்றால் நலம். உடனே அத்தை வேறொரு நாட்டில் இருப்பவளுக்கு மூன்று பெல் கொடுப்பாள், அவள் அடுத்தவளுக்கு. பெல் வராவிட்டால் அத்தை அமைப்பின் தலைமையிடத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் அந்த நிமிஷமே நாலு பக்கமும் போன் போட்டுக் கூச்சல் கிளப்புவார்கள். சீக்கிரமாகச் சத்தம் போட்டால் தூக்கியவர்கள் பல சமயம் இறக்கி விட்டுவிடுவார்கள் என்று அத்தை இத்தாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வேறு யார் வீட்டுப் போனிலிருந்தோ அந்த அக்கா என்னோடு பேசியிருக்கிறாள். "நீங்க எத்தனையாம் வகுப்பு படிக்கிறீங்க?" என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பெண்ணை யாரும் அதுவரை 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. ஒரு வாரம் அண்ணனையும் என்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று படுத்தினேன்.

அன்றைக்கு ஆறேகாலுக்குத் தண்ணீர் லாரி வந்தது. வந்த வேகத்திலேயே சண்டையும் வந்துவிட்டது. அம்மா குடத்தோடு முன்னால் ஓடிவிட்டாள். அப்பாவும் அண்ணனும் பள்ளுருத்திக்குப் போயிருந்தார்கள். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டே, "பெல்லு அடிச்சா எண்ணிக்கோ. எடுக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்றுக்கு மேல் அடித்தால் ஆபத்து, அப்போது எடுக்கத்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஆறரைக்கு அத்தை வீட்டில் இல்லாத நாளே கிடையாது என்பதால் அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றியிருக்காது.

பெல் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நிற்கவில்லை. எட்டு வரை எண்ணினேன், பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது. நின்றது. உடனே மறுபடியும் அடித்தது, அதே மாதிரி நீளமாக. கை தானாகப் போய்விடுமோ என்று பயந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்ற பெருமை வேறு.

அத்தை புடவையெல்லாம் ஈரமாக ஓடி வந்தாள். சண்டை தீர்ந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"எத்தனை பெல்லு?"

"மூணு."

ஏன் அப்படிச் சொன்னேன்? பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டால் நடந்ததைச் சொல்வதில்லை, சரியான விடையைத்தான் சொல்வோம். மூன்று என்பது சரியான விடை. அத்தை நிம்மதியாக அடுத்தவளுக்கு மூன்று பெல் கொடுத்தாள்.

மறுநாள் ஆறரைக்குப் பெல் வரவில்லை. ஏழு மணிக்கு அத்தை தலைமையிடத்தைக் கூப்பிட்டாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: முந்தின நாள் சாயங்காலமே வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்று அக்காவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. விஷயம் கேட்டு ஓடி வந்த இத்தா, நேற்று சண்டைக்கு நடுவே குடம் எடுக்க வீட்டுக்கு வந்தபோது இங்கே போன் ரொம்ப நேரம் அடித்ததே, யாரும் இல்லையா என்று மலையாளத்தில் கேட்டாள். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"உள்ளத சொல்லு மோளே. எத்தனை பெல்லு?"

"மூணுதான் அத்தே."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அடிக்கவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. தலைமையிடத்தைத் திரும்பக் கூப்பிட்டு, நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் பேசினாள். என் நாலாம் வகுப்பு இங்கிலீஷுக்கே அது புரிந்தது. பெல் நீளமாக அடித்தது, தான்தான் எடுக்கவில்லை, தவறு தன்னுடையது என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பொறுப்பை வேறு யாருக்கோ மாற்றிவிட்டார்கள். ஆறரை மணிக்கு எங்கள் போனைத் தொடக் கூடாது என்ற சட்டமும் போய்விட்டது. அப்பா சமாதானத்தைப் பற்றிக் கேலி பேசுவதை விட்டுவிட்டார். அத்தை லாரி வந்தால் குடத்தோடு போய்ப் பேசாமல் வரிசையில் நிற்பாள். அக்கா இன்றுவரை திரும்பவில்லை.

அத்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்ற சந்தோஷத்தில் அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன். பெரியவர்களும் பொய் சொல்வார்கள் போலிருக்கிறது என்று ஆறுதலாகக்கூட இருந்தது. எனக்கும் ஒரு பெண் பிறந்த பிறகுதான் அடுத்த முனையில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றவளைப் பற்றி யோசித்தேன். வாசலில் வண்டி நிற்கிறது. இங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டில் யாருமில்லை போலிருக்கிறது என்று நினைத்துத்தான் அவள் வைத்திருப்பாள். நான் இருந்தேன்.