துளைக்குழியில் நான் போட்ட முடிச்சு

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கீழப்பழுவூர் பக்கம் என் கொல்லையில் ஆழமாகத் துளை போட்ட சர்க்கார் ஆள் ஒருவர், சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாயைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். "பூமிக்குள்ள சூடு இருக்குங்க. சில தேசத்துல அந்த ஆவியில மிஷின் ஓட்டி வெளக்கு எரிக்கிறாங்க. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்," என்றார்.

நான் ஒரு சொல்லையும் நம்பவில்லை. குழாய் சூடு காட்டினால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவர் தலை மறைந்ததும் குழாயை மேலே இழுத்து, அவிழ்த்து, சூடு இறங்கட்டும் என்று பானைத் தண்ணீரில் முக்கினேன். பாதரசம் இறங்கவே இல்லை. காய்ச்சல் பார்க்கும் குழாய்போல ஏறிய இடத்திலேயே நின்றது. பயந்துபோய் அவசரமாகக் கட்டி மறுபடி உள்ளே விட்டேன்.

சாயங்காலம் அவர் கயிற்றை இழுத்தார். பாதரசத்தைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்தார். மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு நான் தினமும் போடுகிற முடிச்சு!

"இது என் முடிச்சு இல்லீங்களே."

"நெலம் போயிடும்னு பயந்துட்டேன் சார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "இங்க ஆவி வர்ற அளவுக்குச் சூடு இருக்காதுங்க. ஆனா எவ்வளவுன்னு சரியாத் தெரியணும். நடுவுல வெளிய எடுத்த கணக்கை நம்ப முடியாது, நாளைக்கு மறுபடி இறக்கணும்," என்றவர், கயிற்றை என் கையில் கொடுத்தார். "நீங்களே கட்டுங்க. உங்க முடிச்சுதான் கெட்டியா இருக்கு."

மறுநாள் நானே கட்டி இறக்கிவிட்டு, நாள் முழுவதும் அந்தக் குழியருகே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன், யாரும் கயிற்றைத் தொட்டுவிடக் கூடாதே என்று.