பேஷண்ட் முழிச்சிருக்காவ

போன வருடம் மழைக்காலத்தில், சுசீந்திரத்தில் எங்கள் வீட்டில் தொடங்கிய விஷயம் இது. நடந்ததை வரிசை போட்டுச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

1. காலையில் தொப்புளைச் சுற்றி வலி. மதியத்துக்குள் வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது.

2. குடல்வால் என்று எனக்கு உடனே தெரிந்தது. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டெக்னீஷியன் நான்.

3. அன்று எனக்கு லீவு. யாருக்கும் போன் செய்யவில்லை. வேலை செய்யும் இடத்தில் வாங்கி வைத்திருந்த வலி மாத்திரை ஒன்று போட்டேன். பிறகு இன்னொன்று.

4. சாயங்காலம் அம்மா கார் பிடித்தாள். எங்கள் மருத்துவமனை வாசல் வந்ததும், நிறுத்தாமல் மார்த்தாண்டம் பக்கம் போகச் சொன்னேன். "ஏட்டி, உன் ஆஸ்பத்திரிய தாண்டி எங்க போற?" என்று அம்மா கத்தினாள்.

5. போன இடத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்றேன்.

ஏன் இப்படிச் செய்தேன்? என் வயிற்றிலும் இடுப்பிலும் வெண்புள்ளி உண்டு. சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. சேலையும் சுடிதாரும் மறைத்துவிடுவதால் வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் தெரியாது. எங்கள் தியேட்டர் மேஜையில் படுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள். பார்ப்பதைவிட, பேசுவார்கள். நோயாளி மயங்கியதும் எங்கள் பேச்சுக்குக் கட்டு அவிழ்ந்துவிடும். கெட்ட எண்ணம் இருக்காது. நெடுநேரம் நிற்கிற அலுப்பில் வருகிற பேச்சு. தொப்பை, தழும்பு, கிழிந்த உள்பாவாடை, எதுவும் தப்பாது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கடற்கரையிலிருந்து ஒரு அக்கா கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்தார். மீன் விற்பவர். மேஜையில் படுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "துணி வெலகாம பாத்துக்கோ மக்கா" என்றார்.

"நான் இருக்கேன்லா" என்றேன். அவர் மயங்கிய பிறகு, பிள்ளை பெற்றுத் தொய்ந்த வயிற்றைப் பார்த்து ஒருவர், "கிழிஞ்ச வலை கணக்கா இருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதே சிரிப்பு என் வயிற்றின் மேல் விழும் என்ற பயத்தில்தான் அன்று காரைத் திருப்பச் சொன்னேன்.

புது மருத்துவமனை டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மாத்திரையின் வேலையால் வலி மட்டுப்பட்டிருந்தது. "பெருசா ஒண்ணும் தெரியல. வீட்டுக்குப் போங்க, நாளைக்கு வந்து பாருங்க" என்றார். குடல்வால் வெடித்தால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வெடித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இருந்தும் செருப்பைத் தேடினேன். மாத்திரையின் பெயரைச் சொன்னாலே, அது எங்கே கிடைத்தது, நீ எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேள்வி வந்துவிடும், அப்புறம் எங்கள் மருத்துவமனைக்கே போன் போய்விடும்.

அம்மாதான் உடைத்தாள். "டாக்டரே, இவ பொய் சொல்லுகா. ஆபரேசன் தியேட்டர்லதான் வேல. காலத்தே இருந்து மாத்திரைய முழுங்கிட்டு கெடக்கா."

டாக்டர் என்னையே பார்த்தார். "உன்ட்ட வர்ற பேஷண்ட் மாத்திரைய மறைச்சா நீ சும்மா விடுவியாம்மா?"

விடமாட்டேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னோம்லா" என்று சத்தம் போடுவேன். மாத்திரையின் பெயரைச் சொன்னேன். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் நன்றாக வீங்கியிருந்தது. வெடிக்காமல் இரவைத் தாண்டியிருக்காது என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். நேராக தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

முதுகில் ஊசி போட்டார்கள். நெஞ்சுக்குக் கீழே மரத்துவிடும். ஆனால் முழிப்பு இருக்கும். முகத்துக்கு முன்னால் ஒரு துணித் திரை. தலைமாட்டில் என் வயதில் ஒரு பெண். நான் நிற்கும் அதே இடம், அதே வேலை. திரைக்கு அந்தப் பக்கம் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "இது என்னடே, பூகோளப் படம் கணக்கா வரஞ்சு வச்சிருக்கு!"

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். தலைமாட்டுப் பெண் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, பேஷண்ட் முழிச்சிருக்காவ. ஸ்டாஃபாக்கும்."

"அய்யோ, தெரியாது மக்கா" என்றார் அவர். அதன் பிறகு தியேட்டரில் கருவிகளின் சத்தம் மட்டும்தான்.

அவள் எனக்கு நல்லதுதான் செய்தாள். என் நெற்றியில் ஒரு நிமிடம் கையைக்கூட வைத்தாள். ஆனால் அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. நானே எத்தனையோ தடவை அதே தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, நோயாளியைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருக்கிறேன். கீழே படுத்துக் கேட்கும்போதுதான் அதற்குள் இன்னொரு பேச்சும் இருப்பது தெரிந்தது. முழித்திருக்கிறாள், அதனால் பேசாதே. நம்ம ஆள், அதனால் பேசாதே. அந்தக் கடற்கரை அக்கா முழித்திருக்கவும் இல்லை, நம்ம ஆளும் இல்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. வலிக்கிறதோ என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன்.

காயம் ஆறி மறுபடி வேலைக்குப் போகிறேன். ஒருநாள் மயங்கிக் கிடந்த ஒருவரைப் பற்றிப் பேச்சு எழும்பியபோது, "வேண்டாம், விடுங்க" என்றேன். "ஆபரேசன் முடிஞ்சதும் சாமியாராயிட்டியா?" என்று கேலி செய்தார்கள். அன்று நிறுத்தினார்கள், மறுநாள் நிறுத்தவில்லை. வெண்புள்ளியைப் பற்றி அங்கே நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நான் லீவில் இருந்த நாட்களில் அந்த அக்கா தையல் பிரிக்க வந்தபோது என்னைத் தேடி வந்து, நன்றாகப் பார்த்துக்கொண்டாய் மக்கா என்று சொல்லிவிட்டுப் போனதாக சிஸ்டர் சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமென்றால் நடந்ததை முதலில் அவருக்குச் சொல்லவேண்டும், அதனால் இன்றுவரை கேட்கவில்லை.