பெயரை எடுத்துவிட்டு அனுப்பவும்

கட்டுரை அனுப்பும் தொழிலில் உழைப்பு நம்முடையது, தீர்ப்பு முகம் தெரியாத மூன்று பேருடையது. எதையாவது எழுதி எங்கோ அனுப்பிவிட்டு, தபால்காரரையோ கம்ப்யூட்டரையோ முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்கள் என் கட்சி. நான் அனுப்பியது கதையோ கவிதையோ அல்ல. சிப்பை வடிவமைக்கும் மென்பொருள்களைப் பற்றி அமெரிக்காவில் வருடாவருடம் ஒரு மாநாடு நடக்கும். அதற்குத்தான் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்துகொண்டு விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் பெங்களூருக்கும் கலிபோர்னியாவுக்கும் மூட்டை கட்டிவிட்ட காலம் அது. நான் செய்கிற வேலையைப் பற்றிப் பேச அந்த ஜில்லாவில் எனக்கு ஒரு ஆள் கிடையாது.

துறைத் தலைவருக்கு விளக்கியது

ஒரு தடவை எங்கள் துறைத் தலைவர், "அப்படி என்னதான் மேடம் எழுதறீங்க?" என்று தானாகவே கேட்டார். இப்படி ஒருவர் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று மனம் நெகிழ்ந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். சிப்புக்குள் ஒரு துடிப்பு ஓடுகிறது சார், அது எல்லா மூலைக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். பக்கத்து மூலைக்கு முன்னாலும் தூரத்து மூலைக்குப் பின்னாலும் போனால் கணக்கு தப்பிவிடும். நம் ஆற்றுத் தண்ணீர் மாதிரிதான், தலைமடைக்காரன் நாற்று நட்டு முடித்த பிறகுதான் கடைமடைக்காரன் தண்ணீரையே பார்க்கிறான். என் சொந்த ஊர் நன்னிலத்துக்கு அந்தப்பக்கம், வெட்டாற்றின் கடைசி வாய்க்காலில். அதனால் எனக்குக் கடைசியில் இருப்பவனை முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மேலே ஏறி வந்தால் என்ன என்று தோன்றியது சார்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். எனக்கு நம்பிக்கையாக இருந்தது. கண்ணைத் திறந்து சொன்னார்: "ரொம்ப நல்லது மேடம். அப்படியே ரெண்டாவது மாடி லேப்ல ஃபேன் ஓடலையாம், அதையும் கொஞ்சம் பாத்துருங்க."

அவர்களுடைய நள்ளிரவு

மாநாட்டுக்காரர்கள் கெடு வைப்பது அவர்கள் ஊர் நள்ளிரவுக்கு. அது நமக்கு மத்தியானச் சாப்பாட்டு வேளை. கல்லூரியில் இணையம் முதல்வர் அறையில் மட்டும்தான் இருந்தது, அங்கும் அது வந்தால் உண்டு. ஆகவே அரை நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜாபர் பாயின் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். பாய் துபாயில் கடையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வருகிற கூட்டமும் பெரும்பாலும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பேச வருகிற பெண்கள்தான். தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒருத்தி அழுவாள், இந்தப்பக்கம் ஒருத்தி பிள்ளையின் ரேங்க் கார்டைக் கேமராவில் காட்டுவாள். நடுவில் நான் சிப்பின் படங்களை ஏற்றிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு முக்கால்வாசி ஏறியதும் கரண்ட் போயிற்று. பாய் சாப்பாட்டுக் கையோடு எழுந்துபோய் ஜெனரேட்டரைப் போட்டார். கெடு முடியப்போகும் நேரத்தில் ஒருவழியாக ஏறி முடிந்து, 'தங்கள் கட்டுரை பெறப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. நான் பெருமூச்சு விட்டேன். பாய் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த வரியை நிதானமாகப் படித்தார். "வந்து சேந்துருச்சுன்னு போட்டுருக்கான் மேடம். யாரு வாங்குனாங்கன்னு போடலையே?"

மஸ்கட்டிலிருந்து

என் கணவர் மஸ்கட்டில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை அங்கே லீவு, அதனால் எங்கள் குடும்ப வாழ்க்கை வெள்ளிக்கிழமைகளில் நடந்தது. அந்தக் கட்டுரை நிராகரிக்கப்பட்டதை ஒரு வெள்ளிக்கிழமை சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் பதறிப்போனார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. என் வேலையில் எது பெரிய விஷயம், எது சின்ன விஷயம் என்று அவருக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை, அவ்வளவுதான். போனை வைத்த பிறகு வீடு முன்னைவிடக் காலியாக இருந்தது. அன்றைக்கு அவர் கேட்டது இதுதான்: "ரிஜெக்ட் பண்ணா சம்பளத்துல பிடிப்பாங்களா? இல்லல்ல, அப்ப விடு. சாப்பிட்டியா?"

பெயரை நீக்கும் சடங்கு

இந்த மாநாட்டில் ஒரு சட்டம் உண்டு. படிப்பவருக்கு எழுதியவர் யாரென்று தெரியக்கூடாது. பெயர், கல்லூரி, ஊர், நன்றியுரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அடுத்த கட்டுரையில் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். எடுத்த பிறகு கட்டுரையில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை, அது கொஞ்சம் வலித்தது.

ஆனால் ஒன்றைக் கோட்டை விட்டேன். நம் முறையை ஏதாவது சில மின்சுற்றுகளில் ஓட்டிக் காட்ட வேண்டும். எல்லோரும் பயன்படுத்தும் பெரிய சுற்றுகளை எங்கள் லேப் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது மூச்சடைத்து நின்றுவிடும். அதனால் சின்னதாக நானே சில சுற்றுகளை வரைந்திருந்தேன். பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று வைத்திருந்தேன். நாள்முழுக்கத் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க அவைதான் துணை. அட்டவணை அட்டவணையாக அந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் அப்படியே போய்விட்டன. ஊரை எடுத்துவிட்டு ஊரின் ஆறுகளை விட்டுவைத்திருக்கிறேன், அது எனக்கு உறைக்கவே இல்லை. முதல் மதிப்பீட்டாளர் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி: "சுற்றுகளின் பெயர்கள் வாயில் நுழையவில்லை, எல்லோரும் அறிந்த சுற்றுகளில் செய்து காட்டவும்."

இரண்டாமவரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார்.

மூன்றாமவர்

மூன்றாமவர் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருந்தார். ஜாபர் பாயின் கடையில், விசிறியின் சத்தத்துக்கு நடுவே, நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் என் கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்திருந்தார். கடைசியிலிருந்து மேலே ஏறும் யோசனை அருமை என்றார். பிறகு என் மூன்றாவது அட்டவணையைப் பிடித்துக்கொண்டார். வாய்க்காலின், அதாவது துடிப்பு ஓடும் கம்பியின், நீளத்தை எல்லாம் பார்த்திருக்கிறீர்கள், அகலத்தைப் பார்க்கவில்லையே, கம்பி ஒல்லியானால் துடிப்பு தளர்ந்துபோகும் இல்லையா என்று கேட்டிருந்தார். உண்மைதான். என் வேலையில் ஒரு தப்பு இருக்கிறது என்று ஒருவர் சொன்னதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை. தப்பு கண்டுபிடிக்கிற அளவுக்கு அதுவரை யாரும் உள்ளே வந்ததில்லை.

அதற்குக் கீழே இன்னொரு பத்தி. சுற்றுகளின் பெயர்களால் எழுதியவரின் ஊர்ப்பக்கம் எனக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் அதே பக்கம்தான், ஆகவே நான் நடுநிலையாக இருக்க முடியாது, என் மதிப்பெண்ணைச் சேர்க்க வேண்டாம் என்று மாநாட்டுத் தலைவருக்குச் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தார். மூன்று பேரில் என் கட்டுரை வேண்டும் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரும் விலகிக்கொண்டார். அந்தக் கட்டுரையும் நிராகரிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் அடியில், ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில் ஒரு வரி: "வெட்டாத்துல தண்ணி வந்துச்சா?"

பதில்

கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. ஆனால் மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுத வழியில்லை, பெயர் இல்லை, முகவரி இல்லை. இருந்தாலும் பதிலைத் தயாராக வைத்திருப்போம் என்று ஊரில் விவசாயம் பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டேன். அந்த வருஷம் மேட்டூரிலேயே தண்ணீர் இல்லை. நட வேண்டிய வயல்களில் ஆடு மேய்கிறது என்றான். யார் கேட்டது என்றான். தெரியாது என்றேன். எந்த ஊர்க்காரர் என்றான். நம்ம பக்கம்தான், அதற்கு மேல் தெரியாது என்றேன். நான் தனியாக இருந்து இருந்து எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கலாம். பிறகு சொன்னான்: "யாரா இருந்தா என்னக்கா, பாவம், ஊரு நெனப்புல கேட்டுருக்காரு. வரலைன்னு சொல்லிடு."

அதற்கு அடுத்த வருஷம்

அந்த வருஷம் தண்ணீர் வந்தது. தம்பியே போன் போட்டு, ராத்திரி வாய்க்காலில் சத்தம் கேட்டு எழுந்து ஓடியதைச் சொன்னான். நான் அதற்குள் கம்பியின் அகலத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டேன். கடன் வாங்கிய கம்ப்யூட்டரில் பெரிய சுற்றுகளை ஓட்டினேன், ஆறுகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டேன். நானே வரைந்த ஒரு சுற்றை மட்டும் விடவில்லை. அதற்கு ஆங்கில எழுத்தில் 'வந்துச்சு' என்று பெயர் வைத்தேன். இந்தத் தடவையும் அவர் கைக்கே கட்டுரை போகும், அட்டவணையில் அந்த ஒரு வார்த்தையைப் பார்ப்பார், சிரிப்பார் என்று வருஷம் பூராவும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சட்ட மீறல் என்று யாரும் சொல்ல முடியாது. அதில் ஊரும் இல்லை, பெயரும் இல்லை.

கட்டுரை ஏற்கப்பட்டது. ஜாபர் பாய் கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார். துபாய்க்குப் பேசிக்கொண்டிருந்த பெண்கூட எட்டிப் பார்த்து எனக்குக் கைகொடுத்தாள். மதிப்பீடுகளைத் திறந்தேன். மூவரும் பாராட்டியிருந்தார்கள். மூவரில் யாரும் அவர் இல்லை என்பது படித்தவுடனே தெரிந்தது. ஏனென்றால் அவர்களில் ஒருவர் அந்தச் சுற்றின் பெயரைக் குறித்து, திருத்தச் சொல்லி இப்படி எழுதியிருந்தார்: "இந்தச் சுருக்கத்தின் முழு விரிவை முதலில் வரும் இடத்தில் தரவும்."

ஆக, சக துன்பப்படுவோரே, ஒரு சிப்பின் எல்லா மூலைக்கும் ஒரே நேரத்தில் சேதி சேர்ப்பது எப்படி என்று உலகத்துக்கே எழுதிக்காட்டிய எனக்கு, 'வந்துச்சு' என்கிற ஒரே வார்த்தையை ஒரே ஒருத்தரிடம் சேர்க்கத் தெரியவில்லை.