செவ்வாய்க்கிழமை விமர்சகர்

போன செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு மேஜையில், மூன்று பேர் முன்னால் நான் மன்னிப்புக் கேட்டேன்.

மூன்று பேர்தானே என்கிறீர்களா? எங்கள் ஆபீசில் என்னையும் சேர்த்து மொத்தமே நாலு பேர்தான். ஆக, ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேட்டதாகத்தான் கணக்கு!

இந்தப் பத்தியை எழுதுவது எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை. மற்ற நாட்களில் திருத்தணியில் ஒரு பம்புசெட் சர்வீஸ் சென்டரில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொள்கிறேன். பேரிங், புஷ், ரப்பர் வாஷர் எல்லாம் என் பொறுப்பு. சுற்றுவட்டாரக் கிணறுகளில் புகைந்துபோன மோட்டார்கள் டிராக்டரிலும் குட்டியானை வேனிலும் ஏறி எங்களிடம் வரும். அவற்றுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டி உயிர் கொடுத்து அனுப்புபவர் அன்சர் பாய். போனில் புகார்களை வாங்கி எழுதுபவர் லோகேஸ்வரி. பள்ளிப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். விவசாயிகள் தமிழில் திட்டினாலும் தெலுங்கில் திட்டினாலும் ஒரே பொறுமையோடு கேட்டுக்கொள்வார். எங்கள் மூவரையும் கட்டி மேய்ப்பவர் ஹேமலதா மேடம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் மேஜை சைவம். முருகன் ஊராயிற்றே! மற்ற நாட்களில் மேடம் வீட்டு மீன் குழம்புக்கும் அன்சர் பாய் வீட்டுக் கறிக்கும் அடிதடி நடக்கும். செவ்வாயன்று பார்த்தால்... புளிச்சோறு, தயிர்சோறு, தக்காளிச்சோறு. அன்சர் பாயும் அன்றைக்குச் சைவம்தான் கொண்டுவருவார் — யாரும் கேட்டதில்லை, அவராகவே அப்படி. பங்கு போட்டுக்கொள்ள டிபன் பாக்ஸில் ஒன்றும் தேறாததால், மேடம் ஒரு நாள் புது வழக்கம் ஒன்றை ஆரம்பித்தார். இந்த வாரம் என்ன பார்த்தோம், என்ன படித்தோம், என்ன கேட்டோம் — ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

மேடம் பார்ப்பது பேய் சீரீஸ் மட்டும். அதையும் பட்டப்பகலில், பக்கத்தில் மிக்ஸி ஓடும்போதுதான் பார்ப்பார். அன்சர் பாய்க்குப் பாட்டு. அதுவும் ஹிட்டான படத்தில் ஹிட் ஆகாத பாட்டாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவார். நான்? தலையணை சைஸ் புத்தகங்கள், அறிஞர்களின் உரைகள். ஆளுக்கு ஒன்று போதும் என்று மேடம் சொன்னாலும் நான் நாலு சொல்வேன். எழுத்தாளன் என்று ஒரு பேர் இருக்கிறதே, அதைக் காப்பாற்ற வேண்டாமா?

ஒரு உண்மையை ஒப்புக்கொள்ளட்டுமா? இந்த மேஜையில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் தேடிப் பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது. "அப்படியா... சூப்பர்... பாக்குறேன்" என்பதோடு சரி. உங்கள் ஆபீசிலும் அப்படித்தானே? ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்யும்போது அதை அடுத்தவர் ரசிக்க வேண்டும் என்பதைவிட, நம்முடைய ரசனையை அவர் ரசிக்க வேண்டும் என்பதில்தான் நமக்கு அக்கறை.

லோகேஸ்வரி மட்டும் எதையுமே சொன்னதில்லை. கேட்டால், "ஒண்ணும் இல்ல சார். வூட்ல ரிமோட்டு பையன் கையில. நான் பஸ்ல வேடிக்கை பாத்துகினு வர்றதோட சரி" என்பார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் தடவையாக அவர் வாயைத் திறந்தார்.

"ஒரு பாட்காஸ்ட் கீது சார். 'மூணு பேர் சீட்டு'ன்னு பேரு. பஸ்ல நடக்குற கதையெல்லாம் ஒரு லேடி சொல்றாங்க. நீங்க கொஞ்சம் கேட்டுப் பாத்து... நல்லா இருக்குதான்னு சொல்லுங்க."

கவனித்தீர்களா? 'நல்லா இருக்குது, கேளுங்க' என்று அவர் சொல்லவில்லை. 'நல்லா இருக்குதான்னு சொல்லுங்க' என்றார். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளும் நான் இதைக் கவனிக்கவில்லை.

எங்களுக்குத் தாமதமாகத் தெரிந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த லேடி வேறு யாரும் இல்லை, லோகேஸ்வரிதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லோரும் தூங்கியதும், துணி பீரோவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு போனில் பதிவு செய்வாராம். துணி இருந்தால் குரல் எதிரொலிக்காதாம். எங்கேயும் பெயரைச் சொல்வதில்லை. கேட்பவர்கள் ஒரு நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். கணவருக்குக்கூடத் தெரியாது. உலகத்தில் ஒரே ஒருவரிடம் கருத்துக் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஒருவர் — நான்.

நான் அரக்கோணத்துக்காரன். தினமும் ரயிலில் போய்வருகிறேன். மறுநாளே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஆபீசில் "ஆங் சார்", "ஆவட்டும் சார்" என்பதைத் தாண்டாத லோகேஸ்வரியின் குரல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் குரல் சிரித்தது, அதட்டியது, கண்டக்டர் மாதிரி விசில்கூட அடித்தது. ஆனால்... என்ன அவசரம்! ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்த வாக்கியம் படியேறிவிடுகிறது. எனக்கு மூச்சு முட்டியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்பு வழங்கினேன்.

"விஷயம் இருக்கு. ஆனா அந்தம்மாவுக்குக் கதை சொல்லத் தெரியலை லோகேஸ்வரி. கடைசி பஸ்ஸை விட்டுடுவோம்ங்கிற மாதிரி ஓடுறாங்க. எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தணும். அதுதான் கலையே."

"ஆங் சார்" என்றார் லோகேஸ்வரி. அன்றைக்கு அவர் ஊறுகாயைத் தொடவே இல்லை என்று மேடம் பிறகு சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன். கொஞ்சம் நிதானம் வந்திருந்தது. "பரவாயில்லை, யாரோ எடுத்துச் சொல்லியிருக்காங்க. இன்னும் மெதுவாப் பேசலாம்" என்றேன். அதற்கடுத்த பதிவு இன்னும் மெதுவாக வந்தது. அதற்கடுத்தது அதைவிட மெதுவாக. கடைசியில் எனக்குப் பரம திருப்தி. "இப்பதான் கரெக்டா வந்திருக்கு! இதான் பேசுற வேகம்!" என்று மேஜையைத் தட்டினேன்.

லோகேஸ்வரியின் முகத்தில் சந்தோஷத்தையே காணோம். "இல்ல சார்... அந்தம்மா நிறுத்தப் போறாங்களாம். கேக்குறவங்க எல்லாம் 'அக்கா, உடம்பு சரியில்லையா? ஏன் இப்படி இழுக்குறீங்க?'ன்னு கேக்குறாங்களாம். பாதிப் பேர் போய்ட்டாங்களாம். அவங்களுக்கு இது வரலைன்னு தோணிடுச்சாம்."

"கேக்குறவங்களுக்கு ரசனை இல்லைன்னா அதுக்கு அந்தம்மா என்ன பண்ணுவாங்க?" என்று நான் பொருமினேன். அவருக்குப் பரிந்து பேசுவதாக எனக்கு நினைப்பு!

போன செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். மேடம் தன் பேயை முடித்ததும், நல்ல கதைசொல்லலுக்கு உதாரணம் காட்டுகிறேன் என்று அந்தக் கடைசிப் பதிவை ஸ்பீக்கரில் போட்டேன். லோகேஸ்வரி தலை குனிந்து சோற்றை அளைந்துகொண்டிருந்தார். காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாசனையோடு கை கழுவி வந்த அன்சர் பாய், உட்காராமல் நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

அன்சர் பாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழுது கண்டுபிடிக்க மோட்டாரைத் திறக்க மாட்டார். ஓடவிட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்பார். எங்கே உரசுகிறது, எத்தனை சுற்று ஓடுகிறது எல்லாம் சொல்லிவிடுவார். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதேதான் காட்டும்.

"இன்னா சார் இது, ஆர்.பி.எம். ஏத்தி வெச்சிகினு கேக்குறீங்க?" என்றார்.

"என்ன பாய்?"

"நானும்தான் இத்த வாராவாரம் கேக்குறேன். லோகேஸ்வரி மொத மொத சொன்ன அன்னிலேர்ந்து. மொதல்ல ஜோரா ஓடிகினு இருந்துச்சி. இப்ப லோ வோல்டேஜ் மோட்டார் கணக்கா உறுமுது. உங்க போன்ல மட்டும் நார்மலா ஓடுது. எப்படி? போனைக் குடுங்க."

வாங்கினார். திரையின் மூலையைப் பெருவிரலால் தொட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒன்று, புள்ளி, ஐந்து. ஒன்றரை மடங்கு வேகம்!

எனக்குக் காது சூடாகிவிட்டது. போன வருடம், ஒரு அறிஞரின் நீண்ட உரையை அரக்கோணம் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று போனை மகளிடம் கொடுத்து, "சீக்கிரம் முடியுற மாதிரி வெச்சுக் கொடு" என்றேன். வைத்துக் கொடுத்தாள். அப்புறம் மறந்துபோனேன். வாரத்துக்கு நாலு சிபாரிசு சொல்ல எனக்கு எங்கிருந்து நேரம் கிடைத்தது என்று இப்போது புரிகிறதா?

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. 'இந்தக் காலத்தில் எல்லோரும் ஏன் இத்தனை வேகமாகப் பேசுகிறார்கள்?' என்று சில வாரங்களுக்கு முன் இங்கேதான் புலம்பியிருந்தேன். 'சரியாகச் சொன்னீர்கள் ஐயா' என்று பலர் கடிதம் எழுதினீர்கள். கடிதங்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"சரி, ஸ்பீடு வுடுங்க" என்றார் அன்சர் பாய். "குரல் யாருதுன்னு இன்னமா தெரியல?"

மேடம் சோற்றுக் கையோடு லோகேஸ்வரியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். லோகேஸ்வரி டிபன் பாக்ஸை மூட ஆரம்பித்தார். மூடி சரியாக உட்காரவில்லை.

அப்போதுதான் நான் மன்னிப்புக் கேட்டேன். எழுத்தாளனுக்குரிய சொற்கள் ஒன்றும் வரவில்லை. "தப்பு என்மேலதாம்மா, உங்க கதைமேல இல்லை. மன்னிச்சிடுங்க" என்றேன். வெட்கமாக இருந்தது. ஒரு பெண் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு என் ஒரு வார்த்தைக்காகத் தன் குரலையே மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்திருக்கிறார். நான் ஹாயாகத் தயிர்சோறு பிசைந்திருக்கிறேன்.

லோகேஸ்வரி மூடியை அழுத்தி உட்கார வைத்தார். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக 'ஆங் சார்' என்பதற்குப் பதில் என்னை எதிர்த்துப் பேசினார்.

"புடிக்கலைன்னு சொன்னீங்களே, அதுகூடப் பரவால்ல சார். கேட்டுட்டுச் சொல்லணும் இல்ல?"

அன்று சாயங்காலம் ரயிலில் முதல் பதிவை மறுபடி போட்டேன். அதற்கு உரிய வேகத்தில்.

பள்ளிப்பட்டு பஸ். மூணு பேர் சீட்டில் ஜன்னலோரம் ஒரு பெண். மடியில் ஒரு கட்டைப்பை. பைக்குள்ளே இரண்டு மாலை. மலைக்கோயிலில் கல்யாணம் கட்டப் போகிறாள், தனியாக. சீட்டில் மூணு பேருக்கும் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் போனில் "பாவா, வந்துட்டியா? பாவா?" என்று தன் அத்தானைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பக்கம் பதில் இல்லை, சார்ஜ் போயிருக்கலாம், வேறு என்னவாகவும் இருக்கலாம். கே.ஜி.கண்டிகையில் ஏறிய பூக்காரம்மா கூடையிலிருந்து ஒரு முழம் கிள்ளி அவள் மடியில் போடுகிறார். திருத்தணி பஸ் ஸ்டாண்டு. மொத்த பஸ்ஸும் இறங்காமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறது — பையன் வந்திருக்கிறானா, இல்லையா?

அந்த இடத்தில் லோகேஸ்வரி நிறுத்துகிறார்.

போன தடவை அந்த இடத்தில் நிறுத்தமே இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை... ஹெட்போன் கழன்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் அந்தக் குரல் வந்தது.

"நின்னுகினு இருந்தான். ரெண்டு மணி நேரமா, வெய்யில்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று இவருக்கா பாடம் சொன்னேன்?

மறுநாள் ஆபீசில் அவரிடம், "நிறுத்திடாதீங்க லோகேஸ்வரி" என்று மட்டும் சொன்னேன். "பாப்போம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுக்கப் போய்விட்டார். ஏதோ ஒரு கிணற்றில் தண்ணீர் ஏறவில்லையாம். வாரம் முழுக்க அதைப் பற்றி அவரும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. ஞாயிறு கழிந்தது. புதுப் பதிவு எதுவும் வரவில்லை. அன்சர் பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் திருத்தணியில் ரயில் ஏறியதும் போன் சிணுங்கியது. 'மூணு பேர் சீட்டு' — புதுப் பதிவு!

"வணக்கம். என் பேரு லோகேஸ்வரி. ஊரு பள்ளிப்பட்டு" என்று ஆரம்பித்தார்.

பெயரைச் சொல்லிவிட்டார்! எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. எதிர் சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்ததால் அடக்கிக்கொண்டேன்.

கதை ஒரு ஆளைப் பற்றியது. தினமும் பஸ்ஸில் வருகிற பெரிய மனுஷன். இறங்குவதற்கு நாலு ஸ்டாப் முன்னாலேயே எழுந்து படிக்கட்டுப் பக்கம் நின்றுகொள்வாராம். "வழியில இன்னா பாத்தீங்கன்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஆனா ரூட்டு சரியில்லைன்னு மட்டும் சொல்லுவாரு" என்றார் லோகேஸ்வரி. நான் சிரித்துவிட்டேன். வலிக்கவும் செய்தது. குரலில் பழைய துள்ளல் முழுசாக வந்துவிட்டிருந்தது. அந்த மனுஷனின் நடையை, செருமலை, கைக்குட்டையால் சீட்டைத் தட்டுகிற அழகை எல்லாம் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு நாள் அவர் பஸ்ஸில் ஏறுகிறார், ஜன்னலோரம் இடம் கிடைக்கிறது, இறங்க வேண்டிய இடம் நெருங்குகிறது...

நிறுத்தினார். காத்திருந்தேன். நல்ல நீளமான நிறுத்தம்.

"அன்னிக்கு அவரு ஏந்திரிக்கல" என்றார்.

கண்ணைத் திறந்தேன். அரக்கோணம் பிளாட்பாரம் ஜன்னலுக்கு வெளியே பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அரக்கோணத்துக்கு அடுத்த புளியமங்கலம் ஸ்டேஷனில் நான் இதுவரை இறங்கியதே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது.