பின்பக்க மூலையில் ஒரு பென்சில் எண்

பிப்ரவரி 3: கொடுத்தவை 120, வந்தவை 118.
பிப்ரவரி 10: கொடுத்தவை 120, வந்தவை 120.
பிப்ரவரி 17: கொடுத்தவை 119, வந்தவை 58.
பிப்ரவரி 24: கொடுத்தவை 119, வந்தவை 9.
மார்ச் 3: கொடுத்தவை 119, வந்தவை 4.

இவை ஒரு மருத்துவக் கல்லூரியின் முதலாம் ஆண்டு வகுப்பில் திங்கட்கிழமைதோறும் கொடுத்து வாங்கிய கேள்வித்தாள்களின் எண்ணிக்கை. தன் பேரேட்டில் எழுதி வைத்தவர் அங்கே வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர். முப்பத்தொரு வருடச் சர்வீஸ். எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாதவர் தேர்வு எழுத முடியாது என்பது விதி. 74.9 வைத்திருந்தவனைக்கூட அவர் விட்டதில்லை. அதனால் மாணவர்கள் வைத்த பெயர் தசமப்புள்ளி. அது அவர் காதிலும் விழுந்திருந்தது. உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

முந்தைய ஆண்டு பதினோரு பேர் படிப்பைப் பாதியில் விட்டுப் போயிருந்தார்கள். "படிப்பு வராமப் போகல. விழுந்தா எப்படி எழுந்திருக்கிறதுன்னு யாரும் அவங்களுக்குச் சொல்லல," என்பது மனநல டாக்டரம்மாவின் கட்சி. அதற்காக அவர் ஒரு திட்டம் தொடங்கினார். திங்கட்கிழமை ஒரு தாள், பன்னிரண்டு கேள்விகள். தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா, பிரேதத்தைத் தொடும்போது எப்படி இருக்கிறது, இதையெல்லாம் யாரிடமாவது சொன்னதுண்டா. புதன்கிழமை சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசுவார்கள். பெரிய டாக்டர்களே வந்து, தாங்கள் தேர்வில் கோட்டைவிட்ட கதைகளைச் சொல்வார்கள்.

"பேர் வேண்டாம், நம்பர் வேண்டாம். எழுதினது யாருன்னு எனக்கே தெரியாது," என்று டாக்டரம்மா வகுப்பில் சொன்னார்.

தாளைக் கொடுப்பது, பெட்டியில் வாங்குவது, பதில்களைக் கூட்டிப் போடுவது எழுத்தரின் பொறுப்பு.

முதல் வாரம் இரண்டு தாள் குறைந்தது. பெஞ்சுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார். இரண்டு பேர் தரவில்லை, அவ்வளவுதான். ஆனால் எந்த இரண்டு பேர்? நகக்கண்ணில் ஏறிய சிராய் மாதிரி அது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் ஒவ்வொரு தாளின் பின்பக்க மூலையிலும், உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாதபடி, பென்சிலால் பதிவேட்டு வரிசை எண்ணைப் போட்டார். அந்த வரிசையிலேயே கொடுத்தார். யார் தரவில்லை என்று தெரிந்தால் போதும், யார் என்ன எழுதினால் நமக்கென்ன என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அன்று நூற்றிருபதும் வந்துவிட்டன. எண்களை அப்போதே அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. கூட்டிக்கொண்டு வந்தவரின் கண் ஒரு தாளில் நின்றது. ‘குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். பிரேதத்தின் மேல் கத்தி வைத்தால் கை நடுங்குகிறது. யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தாளிடம்தான் சொல்கிறேன்.’

திருப்பிப் பார்த்தார். நாற்பத்தேழு.

பதறிப்போனார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். டாக்டரம்மாவிடம் போனால் பென்சில் எண்ணையும் சொல்ல வேண்டிவரும். ஆகவே தாளோடு முதல்வரிடம் போனார். எப்படித் தெரிந்தது என்று முதல்வர் கேட்கவில்லை. போனை எடுத்து, நாற்பத்தேழாம் எண் மாணவியின் அப்பாவுக்குத் தாளை அப்படியே வாசித்துக் காட்டிவிட்டார்.

பன்னிரண்டாம் தேதி அப்பா வந்தார். வகுப்பு விட்டு எல்லாரும் வெளியே வரும் நேரம்.

"குழாயைத் திறந்துவிட்டு அழுவியாமே? அதுக்கா உன்னை இங்க அனுப்பினேன்? கை நடுங்கறவளுக்கு டாக்டர் படிப்பு எதுக்குடி? கிளம்பு!"

வராந்தா முழுக்கக் கேட்டது. அவள் எதிரே வந்த டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

நாலடி தள்ளிப் பதிவேட்டை அணைத்தபடி நின்ற எழுத்தர் வாயைத் திறக்கவில்லை.

கையெழுத்தை வைத்து டாக்டரம்மாவே கண்டுபிடித்துப் போட்டுக்கொடுத்துவிட்டார் என்று வகுப்பு முடிவு கட்டியது. அவர் தலையைக் கண்டாலே பேச்சு நின்றது. புதன்கிழமை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மூன்று வாரம் எழுத்தர் எண்ணிக்கையை மட்டும் எழுதினார்.

"வச்ச சாப்பாடு வச்சபடியே இருக்கு. யார் என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் தாங்க முடியல."

"புதிர் போடாம விஷயத்தைச் சொல்லுங்க."

சொன்னார். அவள் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த அம்மா உங்க பழியைத் தூக்கிச் சுமக்கிறாங்க. நீங்க இங்க உக்காந்து பேரேட்டுக்குக் கோடு போட்டுக்கிட்டு இருக்கீங்க. வெக்கமா இல்ல?"

"இருக்கு. அதனாலதான் சொல்ல வாய் வரல."

"நல்லாருக்கே நியாயம்!"

மார்ச் 4 அன்று, வந்திருந்த நான்கு தாள்களையும் டாக்டரம்மா கையில் வைத்துப் பார்த்தார். "இதோட நிறுத்திடலாம் சார். எங்கேயோ நான்தான் அஜாக்கிரதையா இருந்துட்டேன்."

எழுத்தர் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டாக்டரம்மா தாள்களை மேசையில் வைத்தார்.

"என்கிட்ட வந்திருந்தா, யாருன்னே கேக்காம மொத்த வகுப்புக்கிட்டயும் கை நடுக்கத்தைப் பத்திப் பேசியிருப்பேன். எனக்கே ஒரு வருஷம் நடுங்குச்சு சார்."

அன்று பிற்பகலே எழுத்தர் வகுப்பின் முன்னால் போய் நின்று, தான் செய்ததைச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "இதுல உங்க தப்பு எத்தனை சதவீதம் சார்?"

"நூறு," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘வரிசை எண் 47 மாணவிக்கு’ என்று தொடங்கியிருந்தார். கைப்பழக்கம். பத்து நாளில் அதே கடிதம் திரும்பி வந்தது. முதல் வரியைச் சுழித்து, பக்கத்தில் எழுதியிருந்தாள்: ‘எனக்குப் பெயர் இருக்கிறது.’ பதிவேட்டில் தினமும் அந்த வரியில் புள்ளி வைத்தவருக்கு, பெயரைத் தேடிப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. இரண்டாம் கடிதத்தில் பெயரை எழுதி, தான் செய்ததைத் தேதிவாரியாக எழுதி, முதல்வரிடம் ஏன் போனார் என்பதையும் எழுதினார். பல வாரம் பதில் இல்லை.

பிறகு வந்தது.

‘டாக்டரம்மா இரண்டு முறை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார். ஜூலையில் அடுத்த வகுப்போடு சேர்கிறேன். கை இன்னும் நடுங்குகிறது. இப்போது அதைச் சொல்ல எனக்கு ஆள் இருக்கிறது. உங்களை மன்னித்துவிட்டதாக எழுத வரவில்லை. திங்கட்கிழமைத் தாள்களை மட்டும் நீங்கள் தொட வேண்டாம்.’

எழுத்தர் பெட்டிச் சாவியை எடுத்துப்போய் டாக்டரம்மாவின் மேசையில் வைத்தார். எதற்கு என்று அவர் கேட்டபோது கடிதத்தை நீட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்து, பேரேட்டில் ஒரே வரி எழுதினார்.

கடிதம் வந்து சேர்ந்த நாள்: ஜூன் 19.