கோயில்பிள்ளையின் சாம்பல் பொட்டலம்

கோயில்பிள்ளை வேதநாயகத்துக்குச் சந்தேகம்தான் சோறும் தண்ணீரும். திருப்பாலைக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருந்த அந்தச் சின்ன கத்தோலிக்கக் குடியிருப்பில் அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு வெளியாள் நுழைந்துவிட முடியாது. அம்மை குத்த வந்தவர்களை, "சும்மா குத்துறாகளாம்ல? எந்த ஊர்ல சும்மா குடுக்குறாக?" என்று கேட்டே திருப்பி அனுப்பியவர். கொசு மருந்து அடிக்க வந்தவர்களிடம், முதலில் உங்கள் தூக்குச்சட்டியில் அடித்துக் காட்டுங்கள் என்றவர். முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரலில் வைத்த மை அழியும்வரை அந்தக் கையை மடக்கியே வைத்திருந்தார். யாருக்குப் போட்டோம் என்று மையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்களாம்! வீட்டிலும் இதே கூத்துதான். குழம்பை வாயில் வைத்ததும், "இன்னைக்கு என்னமோ மாத்திருக்க," என்பார். மனைவி மிக்கேலம்மாளும் சளைத்தவள் இல்லை. "ஆமா, விசம் கலந்திருக்கேன், ஆறுறதுக்குள்ள தின்னுங்க," என்பாள்.

சிரிக்கலாம்தான். ஆனால் அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில், வேதநாயகம் இளவட்டமாக இருந்தபோது, நிலம் அளக்கிற சங்கிலியோடு இரண்டு பேர் கரைக்கு வந்தார்கள். சும்மாதான் அளக்கிறோம் என்றார்கள். அவருடைய அய்யா அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். மறு வருஷம் அளந்த இடம் முழுக்க வேலி விழுந்து உப்பளமாகிப் போனது. வேதநாயகம் குடும்பம் தலைமுறையாக மீன் காயப்போட்ட மணல் அது. அய்யா அந்த வேலியைப் பார்த்துப் பார்த்தே உருக்குலைந்து செத்தார். அதிலிருந்து 'சும்மா' என்ற சொல்லைக் கேட்டாலே வேதநாயகம் காதைத் தீட்டிக்கொள்வார்.

அவர் முழுசாக நம்பிய பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கோயில்பிள்ளை என்பதால் கோயில் மணி அடிப்பது, பூசைக்கு எடுத்து வைப்பது, விளக்கு ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. சந்தியாகப்பர் திருநாளன்று சப்பரத்துக்கு முன்னால் போகிற பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் அவர் பொறுப்பு. ஊர்வலம் முடிந்ததும் அந்த விளக்குகளில் எரிந்த மேண்டில், அந்தச் சின்ன வலைத் திரி, தொட்டால் உதிர்ந்துவிடும். சாமிக்கு முன்னால் எரிந்தது காலில் மிதிபடக் கூடாது என்று, அந்த வெள்ளைச் சாம்பலை ஒரு தகர டப்பாவில் தட்டிச் சேர்த்து வைப்பார். வலையில் மீன் படவில்லை, கண்பட்டுவிட்டது என்று வருகிறவர்களுக்கு அதில் ஒரு சிட்டிகை கொடுப்பார். வலையின் மிதப்பில் தடவிவிட்டுக் கடலுக்குப் போவார்கள். பங்குச் சாமியாருக்கு இது தெரிந்து, இதென்ன அஞ்ஞானம் என்று சத்தம் போட்டார். அதற்குப் பிறகு வேதநாயகம் டப்பாவை மறைத்து வைத்துக்கொண்டு கொடுத்தார். அவர் சட்டைப் பையிலும் எந்நேரமும் ஒரு பொட்டலம் இருக்கும்.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. அணு ஆராய்ச்சி ஆபீசிலிருந்து வருகிறார்களாம். வந்த அதிகாரி பூமிநாதன் திருவாடானைப் பக்கத்துக்காரர், விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. பேச்சு உள்ளூர்ப் பேச்சாக இருந்ததே வேதநாயகத்துக்கு முதல் சந்தேகம். நம்மாளை விட்டே நம்மை மடக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார். கோயில் பின்கட்டில் வெட்டவெளியாக இருந்த இடத்தில் கம்பு நட்டு, அதன்மேல் அகலமான தட்டு ஒன்றை வைத்து, தட்டில் பசைத்தாள் ஒட்டினார்கள். காற்றில் வருகிற தூசி அதில் விழுந்து ஒட்டிக்கொள்ளுமாம். வாராவாரம் தாளை உரித்து அனுப்ப வேண்டும். கூடவே கடல் தண்ணீரும் மீனும் பாசியும் போக வேண்டும்.

எதற்கு என்று வேதநாயகம் நேராகவே கேட்டுவிட்டார். பூமிநாதன் சலிக்காமல் பதில் சொன்னார்.

"தூர தேசத்துல அணுகுண்டு வெடிச்சுப் பாக்குறாங்கய்யா. அந்தத் தூசி காத்துல ஏறி மழையில எறங்குது. இங்கன வருதா, மீன்ல ஏறுதான்னு பாக்கணும். நாளைக்கு இந்தக் கடக்கரையில எங்கயாச்சும் அணுமின் நிலையம் வச்சாலும், அதுக்கு முந்தி காத்தும் தண்ணியும் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான, பின்னால கெட்டுச்சா இல்லையான்னு சொல்ல முடியும்? இப்பதைக்குச் சும்மா அளந்து வைக்கிறோம்."

மனுஷன் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டார். வேதநாயகத்தின் முகம் சுண்டிப் போனது.

"ஆக, எடம் பாக்க வந்திருக்கீக," என்றார்.

பூமிநாதன் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு வேதநாயகத்துக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவிடவில்லை. போதாததற்கு, தாளை உரிக்கவும் தண்ணீர் மொள்ளவும் உள்ளூரில் ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது, முன்னால் போய் நின்றது யார் தெரியுமா? அவருடைய சொந்த மருமகன் எட்வர்ட். நான்கு எழுத்துப் படித்தவன், நிதானமானவன், அதிர்ந்து பேசமாட்டான். மகள் லீமாரோஸைக் கட்டி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதிர்ந்து பேசாத ஆளைக் கண்டாலே மாமனாருக்கு ஆகாது. மனசுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று எப்படித் தெரியும்? வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்துவிட்டார்கள் என்று மிக்கேலம்மாளிடம் சொன்னார். அவள் முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

தட்டைப் பிடுங்கி எறிய அவருக்குத் துணிச்சல் இல்லை. சாமியார் ஒப்புக்கொண்டு வைத்தது. ஆனால் ஊரைக் காக்காமல் இருக்கவும் முடியவில்லை. என்ன செய்தார் என்றால், சாயங்கால மணி அடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், சட்டைப் பையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து, சப்பர விளக்குச் சாம்பலில் ஒரு சிட்டிகையைத் தட்டின்மேல் தூவி, சிலுவை போட்டுவிட்டு வந்தார். எந்தக் கெட்ட எண்ணத்தோடு வைத்திருந்தாலும் அது முறியட்டும் என்பது வேண்டுதல். மறுநாளும் தூவினார். அப்புறம் அது மணி அடிப்பதுபோல அன்றாட வேலையாகிவிட்டது.

திருநாள் கழிந்து கொஞ்ச காலத்தில் ஜீப் திடீரென்று வந்து நின்றது. இந்தத் தடவை பூமிநாதன் முகத்தில் சிரிப்பு இல்லை. மண்டபம் ஊர்ப் பக்கம் வைத்த இன்னொரு தட்டில் ஒன்றும் இல்லையாம். இந்த ஊர்த் தாளில் மட்டும் கதிர்வீச்சு எக்கச்சக்கமாகக் காட்டுகிறதாம். மீனும் தண்ணீரும் சுத்தமாக இருக்கின்றன, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தாளில் எப்படி ஏறியது என்று பார்க்காமல் விட முடியாது என்றார். அவர் சொன்னதில் 'மீன் சுத்தம்' என்ற பாதி ஊரைத் தாண்டவே இல்லை. மறு பாதி அவருக்கு முந்தியே ராமநாதபுரம் சந்தைக்குப் போய்விட்டது.

வாடிக்கையாக மீன் எடுக்கும் பாக்கர் பாயின் வண்டி வரவில்லை. ஆள் விட்டுக் கேட்டதற்கு, எனக்கு உங்கள்மேல் சந்தேகமில்லை, வாங்குகிறவன் கேட்கிறானே, நான் என்ன செய்ய என்று சொல்லி அனுப்பினார். பிடித்த மீனைக் கருவாடு போட்டார்கள். கருவாட்டையும் சீண்டுவார் இல்லை. கரையெல்லாம் நாற்றம் எடுத்தது. வள்ளங்கள் கடலுக்குப் போகாமல் மணலில் கிடந்தன. வீட்டுக்கு வீடு அடுப்பு ஒருவேளைதான் புகைந்தது.

வேதநாயகத்துக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. "மொதல்ல அளப்பான். அப்பறம் விசம்பான். அப்பறம் காலி பண்ணுங்கம்பான்," என்று வீடு வீடாகச் சொன்னார். சரி, தட்டில் விஷத்தை வைத்தது யார்? தட்டைத் தொடுகிறவன் ஒருவன்தானே! நேராக மகள் வீட்டுக்குப் போனார். லீமாரோஸுக்கு அப்போது வயிற்றில் ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டியவள்தான், ஆனால் அழைத்து வருகிற முறை அதுவா? துணிமணியை எடு, கிளம்பு என்றார். எட்வர்ட் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, நான் என்ன செஞ்சேன்?"

"அதைத்தான்டா நானும் கேக்குறேன்."

லீமாரோஸ் அழுதுகொண்டே அய்யா பின்னால் வந்தாள். வந்தவள் தாய்வீட்டுச் சோற்றில் கை வைக்கவில்லை. மிக்கேலம்மாள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி பட்டினி கிடப்பதைப் பார்த்தும் அவர் மனம் இளகவில்லை. உண்மை வெளியே வரட்டும் என்றார். ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசிவிட்டார்கள்: எட்வர்டின் கைதான் என்று தெரிந்தால், அவன் வள்ளத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட வேண்டியது. அப்படி நடந்தால் லீமாரோஸ் பிள்ளையோடு தனியாக நிற்க வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், அப்பனுக்கும் தெரியும்.

பூமிநாதன் அளக்கிற பெட்டியைக் கொண்டுவருகிறார் என்றதும், எல்லாரையும் வைத்துப் பாருங்கள் என்று கேட்டதே வேதநாயகம்தான். விஷத்தைத் தொட்டவன் கையில் காட்டிவிடும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் முழுக்கக் கோயில் முன்னால் கூடியது. பாக்கர் பாயும் வந்திருந்தார். பெட்டியில் ஒரு குழல் இருந்தது. சாதாரண மண்ணுக்கு நேரே காட்டினால் விட்டு விட்டு 'டிக்' என்றது. மீன்கூடைமேல் காட்டினார்கள். அதே 'டிக்'தான். கருவாட்டுக்கும் அவ்வளவுதான். பாக்கர் பாய் கிட்டே வந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

பிறகு எட்வர்ட் கையை நீட்டினான். குழலை உள்ளங்கையில், புறங்கையில், நகக்கண்ணில் காட்டினார்கள். விட்டு விட்டு ஒரு 'டிக்'. சனம் பெருமூச்சு விட்டது. வேதநாயகம் விடவில்லை. கையைக் கழுவியிருப்பான், சட்டையைப் பாருங்கள் என்றார். சட்டையிலும் இல்லை. மெசினும் அவன் ஆளோடதுதானே என்று முணுமுணுத்தார். பூமிநாதனுக்குப் பொறுமை போயிற்று.

"அப்ப நீங்க வாங்க ஐயா. ஒங்க மேல வச்சுக் காட்டுறேன். அது யாருக்கும் வேண்டியது வேண்டாததுன்னு பாக்காது."

வேதநாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். குழல் அவர் கைக்கு வந்தது. பெட்டி படபடத்தது. சட்டைப் பைக்கு நேரே போனதும் சோளம் பொரிகிற மாதிரி விடாமல் பொரிந்து தள்ளியது. சனம் இரண்டடி பின்வாங்கியது. அவருடைய கை தன்னால் பையைப் பொத்திக்கொண்டது.

பொட்டலத்தைப் பிரித்து, அது எங்கிருந்து வந்தது, தட்டில் எப்படி விழுந்தது என்பதை அவர் வாயிலிருந்து வாங்குவதற்குள் பூமிநாதனுக்கு வியர்த்துவிட்டது. டப்பாவும் வெளியே வந்தது. மேண்டில் வெள்ளையாக எரிய வேண்டும் என்று அந்த வலையைத் தோரியம் என்கிற உப்பில் நனைத்துச் செய்கிறார்கள், மேற்குக் கரை மணலில் கிடைக்கிற பொருள் அது, அதற்கு இயற்கையிலேயே கதிர்வீச்சு உண்டு, எல்லா ஊர் விளக்கிலும் இதுதான் இருக்கிறது என்று விளக்கினார். விளக்கு ஏற்றலாம், தவறில்லை. சாம்பலைச் சேர்த்து வைத்துக் கையாலே அளைவதும் அடுத்தவருக்குக் கொடுப்பதும் கூடாது என்றார். முதலில் சிரித்தவர் பாக்கர் பாய். "இந்தச் சாம்பலுக்கா நாங்க மீனு இல்லாமக் கெடந்தோம்?" என்று கேட்டுவிட்டு, நாளைக்கே வண்டி வரும் என்றார். சாமியார் டப்பாவை வாங்கி அதிகாரியிடம் கொடுத்தார். கோயில் சாவியையும் வாங்குங்கள் என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது.

"மாமா ஊருக்குக் கெடுதல் நெனச்சு செய்யல. சாவி அவருகிட்டயே இருக்கட்டும்," என்றான் எட்வர்ட்.

வேதநாயகம் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். இவன் ஏன் நமக்குப் பரிந்து பேசுகிறான், இதில் இவனுக்கு என்ன கிடைக்கும் என்றுதான் அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது. பழகிப்போன புத்தி!

லீமாரோஸ் தாய்வீட்டுக்குப் போய்த் தன் துணி மூட்டையை எடுத்து வந்தாள். அப்பனுக்கு எதிரே நின்றாள்.

"அய்யா, அவரை ஒரு வார்த்தை வீட்டுக்கு வாங்கன்னு கூப்புடுங்க. நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

 கூப்பிட வேண்டும் என்றுதான் அவருக்கு இருந்தது. அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கோயில் கதவைப் பூட்டப் போய்விட்டார். அவள் மூட்டையோடு புருஷன் பின்னால் நடந்தாள். தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் நடந்தது. மிக்கேலம்மாள் போய் இருந்து பார்த்துவிட்டு வந்தாள். ஆண் பிள்ளை, நல்ல நிறம், மூக்கு மட்டும் உங்கள் மூக்கு என்று சொன்னாள். வேதநாயகம் எழுந்து கிணற்றடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கை கழுவினார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவருக்கு அதே வேலையாக இருந்தது. மணலைப் போட்டுத் தேய்ப்பார், புளியைப் போட்டுத் தேய்ப்பார். தோல் உரிந்துவிட்டது. ஒன்றுமில்லை, கழுவினால் போய்விடும் என்று அதிகாரி சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். வேதநாயகம் எப்போது யார் சொன்னதை நம்பினார்?

ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் கோயிலுக்குத்தானே கொண்டுவர வேண்டும்! கோயில்பிள்ளை ஒளிந்துகொள்ள வழியில்லை. தண்ணீரும் உப்பும் எண்ணெயும் மெழுகுவத்தியும் எடுத்து வைத்தார். கிண்ணத்தைத் துணியால் பிடித்துச் சாமியாரிடம் கொடுத்தார். தலையில் தண்ணீர் விட்டதும் பிள்ளை வீறிட்டது. அவர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார். மூக்கு அவர் மூக்குதான்.

சடங்கு முடிந்ததும் எட்வர்ட் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தூணடிக்கு வந்தான். வாங்கிக்கொள்ளுங்கள் என்று நீட்டினான். வேதநாயகம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்ப்பா. என் கையில இருக்கும். மெசின் வரட்டும், வச்சுப் பாத்துட்டுக் குடு."

"மெசின் எதுக்கு மாமா?" என்றான் எட்வர்ட். அவர் கட்டியிருந்த கையைப் பிரித்து, தோலுரிந்த உள்ளங்கைகளில் பிள்ளையை வைத்தான்.

'எதுக்கு' என்பது வாழ்நாளெல்லாம் அவர் அடுத்தவனைக் கேட்ட கேள்வி.  பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "வீட்டுக்கு வாங்க மாப்ள," என்று சொல்லிவிட்டு, கோயில் என்றும் பாராமல் தேம்பித் தேம்பி அழுதார்.