நம்பர் அழிக்காத பெட்டி

உப்புத்தாளை வச்சு நம்பரைச் சுரண்டுற சத்தம் கேட்டாலே எனக்குப் பல்லு கூசும். எண்பத்தி நாலுல கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த நாள்லருந்து எங்க வீட்டுல அந்தச் சத்தம்தான். எங்க வீட்டுக்காரர் ஐயாதுரை மில்லுல எலக்ட்ரீஷியன். ஷிஃப்டு முடிஞ்சு வந்தா முன்னறையில உக்காந்து கெணத்து மோட்டாருக்குப் பெட்டி செய்வாவ. மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்டு வரணும். அதுல ஒண்ணு போயிட்டா மோட்டார் உறுமி உறுமியே காயில் கருகிரும். கருகுறதுக்கு முந்தி மோட்டாரை நிறுத்திப்புடும் இந்தப் பெட்டி. சுத்துப்பட்டுத் தோட்டக்காரங்க அம்புட்டுப் பேரும் எங்க வாசலுக்குத்தான் வருவாங்க.

பெட்டிக்குள்ள பூரான் மாதிரி கால் வச்ச கருப்புச் சில்லு, ஐசின்னு சொல்லுவாவ, நாலஞ்சு இருக்கும். அதுமேல இருக்குற நம்பரைப் பாத்தா எவனும் அதே ஐசியைக் கடையில வாங்கி, அதே பெட்டியைச் செஞ்சுருவான். அதனால நம்பரை அழிச்சு, மேல தாரைக் காச்சி ஊத்திருவாவ. இவிய மட்டும் இல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பெட்டி செய்யுற எல்லாருக்கும் அதான் வழக்கம். சர்க்யூட் படம்கூட வரைஞ்சு வைக்க மாட்டாவ. "ஏட்டி ஞானம், எழுதி வச்சா திருட்டுப்போகும். எல்லாம் இங்க இருக்கு"ன்னு நெத்தியைத் தட்டிக் காட்டுவாவ. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. மில்லுச் சம்பளம் வாடகைக்குச் சரியாப்போகும். நாங்க சாப்பிட்ட சோறு அந்தப் பெட்டி போட்டது.

தொண்ணூத்தி மூணு கோடையில வந்துச்சு வினை. எங்க அக்கா ஜெயபாயை வன்னியம்பட்டியில கட்டிக் கொடுத்திருந்தோம். பருத்தி காய் பிடிக்குற நேரம். பெட்டி நின்னுபோச்சுன்னு அதைக் கழட்டிச் சாக்குல சுத்திக்கிட்டு பஸ்ஸேறி வந்துட்டா. இவிய தாரைச் சுரண்டி எடுத்தாவ. உள்ளே எல்லா ஐசியும் மொட்டை. எது எதுன்னு தெரியலை. கடையில எது கிடைச்சுதோ அதுக்குத் தக்கன வருசாவருசம் மாத்தி மாத்திப் போட்டிருக்காவ. இந்தப் பெட்டியில எதைப் போட்டோம்னு நெத்தியைத் தட்டித் தட்டிப் பாத்தாவ, ஒண்ணும் வரலை. "நான் செஞ்சதுதானே, எனக்கே தெரியலையே!"

எங்க அத்தான் எம்புட்டு நாள் பொறுப்பார்? பெட்டி இல்லாமலே மோட்டாரைப் போட்டுட்டார். பேஸ் போச்சு, காயில் கருகிப்போச்சு. அதுக்குப் புதுக் கம்பி சுத்தி வாங்குறதுக்குள்ள பருத்தி காய்ஞ்சு சருகாயிருச்சு. அக்கா ஒரு வார்த்தை திட்டலை. "விடுங்க தம்பி, சாப்பிடுங்க"ன்னா. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. அதுக்குப் பொறவு எங்க வீட்டுல உப்புத்தாள் சத்தம் கேக்கலை.

தொண்ணூத்தி ஆறுல மில்லு ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட கம்ப்யூட்டர் ஒண்ணை ஏலத்துல எடுத்துத் தூக்கிட்டு வந்தாவ. கூடவே போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல மாட்டுற மோடம்னு ஒரு டப்பா. வெளியூர்லருந்து யாரும் அவங்க கம்ப்யூட்டர் வழியா எங்க வீட்டு நம்பருக்குப் போன் போட்டா உள்ளே வரலாம், சர்க்யூட் படத்தை எடுத்துக்கலாம், தன்னோடதையும் போட்டுட்டுப் போகலாம். காசு கிடையாது. 'திறந்த பெட்டி'ன்னு பேரும் வச்சாச்சு. கடை கடையாப் போய் எங்க போன் நம்பரை எழுதி ஒட்டிட்டு வந்தாவ.

கூத்துதான் போங்க! ஒருத்தன் உள்ளே இருந்தா இன்னொருத்தனுக்கு எங்கேஜ் சத்தம். நான் எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசலாம்னு ரிசீவரை எடுத்தா காதுக்குள்ள 'கீஈஈச்'னு கத்தும். ஆலங்குளத்துலருந்து மாரிசாமி உள்ளே வந்தான், எங்க ஊரு பேச்சிமுத்து வந்தான், ஸ்ரீவில்லிபுத்தூர் ரேடியோ கடை பால்பாண்டி கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துறவர் கையைக் காலைப் பிடிச்சு அங்கருந்து வந்தான். கோடும் புள்ளியுமாத் தட்டித் தட்டியே படம் வரைவாங்க. தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதிச் சண்டையும் போடுவாங்க. இவிய அதைப் படிச்சுட்டுத் தனியாச் சிரிப்பாவ. அடுப்படியிலருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கிட்டே நான் தோசை ஊத்துவேன். இப்ப நெனச்சா அந்தக் கீச்சுச் சத்தத்துக்குக்கூட மனசு ஏங்குது.

ஆனா ஒண்ணு. வந்தவங்க எல்லாம் கோயில் கொடைக்குச் சீரியல் லைட்டு, காலிங்பெல்லுன்னு சில்லறைப் படமாப் போட்டாங்களே ஒழிய, தனக்குச் சோறு போடுற படத்தை ஒருத்தனும் போடலை. ஒருநாள் பால்பாண்டி பட்டுன்னு எழுதிக் கேட்டுட்டான். "அண்ணாச்சி, எங்களைத் திறக்கச் சொல்றிய. உங்க மோட்டார் பெட்டி எங்க?" அதுக்கப்புறம் போன் அடிக்கலை. ஒரு வாரமா மோடம் ஊமையாக் கெடந்துச்சு.

"நான் போடலைன்னா இது செத்துப்போகும் ஞானம்"னாவ.

"போட்டா நாம செத்துப்போவோம். உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? நம்ம உலையை நீங்களே கவுக்கணுமா?"

"உங்கக்கா பருத்தி கருகுனதை மறந்துட்டியா?"

"அதுக்குன்னு ஊருக்கே வாரிக் குடுக்கணுமா!"

நான் கத்தக் கத்த, படத்தை வரைஞ்சு போட்டுட்டாவ. எந்த இடத்துல எந்த ஐசி, நம்பரோட, ஒண்ணு விடாம. அந்தப் படத்தைப் பாத்து அக்காவுக்கும் புதுப்பெட்டி ஒண்ணு செஞ்சு குடுத்தாவ. நம்பரை அழிக்கலை, மேல தார் இல்ல. படம் போட்டதும் மோடம் மறுபடியும் கீச்சிட ஆரம்பிச்சுது.

நான் சொன்ன மாதிரியே ஆச்சு. ஆறு மாசத்துல பால்பாண்டி அதே பெட்டியை விலை கொறச்சு வித்தான். எங்க வாசல்ல ஆள் நடமாட்டம் கொறஞ்சுது. தெரிஞ்சவங்க வீட்டுக் கல்யாணம்னா மொய்க்குப் பயந்து நான் போகாம இருந்திருக்கேன். "சோத்துல மண்ணைப் போட்ட பய"ன்னு அந்தப் பால்பாண்டியை நான் வையாத நாள் கிடையாது. அந்தக் கம்ப்யூட்டரைத் தொடைக்கக்கூட மாட்டேன்னு வைராக்கியமா இருந்தேன்.

தொண்ணூத்தி எட்டு கோடையில இவியளுக்கு மதுரையில குடலிறக்க ஆபரேஷன். மாத்துத்துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்த நேரத்துல போன் அடிச்சுது. அக்கா. "ஏட்டி, பெட்டி மறுபடியும் நின்னுபோச்சு. பருத்தி வாடுது. தம்பி எப்ப வருவாக?"

இவிய படுக்கையில கெடக்காவ. நான் யாரைத் தேடிப் போவேன்? கம்ப்யூட்டரைப் பாத்தேன். தினமும் இவிய செய்யுறதைப் பாத்த கண்ணுதானே. சுவிட்சைப் போட்டு உக்காந்து ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தட்டுனேன். 'நான் ஐயாதுரை வீட்டம்மா. அவிய ஆஸ்பத்திரியில. வன்னியம்பட்டியில எங்கக்கா ஜெயபாய் தோட்டத்துல மோட்டார் பெட்டி நின்னுபோச்சு. பருத்தி காயுது. யாராவது போங்க.' செத்த நேரத்துல போன் அடிச்சுது, மோடம் கீச்சிட்டுது, யாரோ உள்ளே வந்தாங்க, போனாங்க. யாருன்னு எனக்குப் பாக்கத் தெரியலை. கர்த்தரேன்னு அப்படியே விட்டுட்டு பஸ்ஸேறிட்டேன்.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரி வாசல் பூத்துலருந்து அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, ஒருத்தனை அனுப்பச் சொன்னா மூணு பேரை அனுப்பியிருக்க! பால்பாண்டியாம், கடையைப் பூட்டிட்டு மொபெட்டுல வந்துட்டான். அவன் பெட்டியைத் திறக்குறதுக்குள்ள ஆலங்குளத்துலருந்து ஒருத்தன், உங்க ஊர்லருந்து ஒருத்தன். மூணு பேரு கையிலயும் ஒரே படம். நீ தள்ளு, நான் பாக்கேன்னு வரப்புல நின்னு சண்டை. எல்லாருக்கும் காப்பி போட்டே எனக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு!"

"அக்கா, தண்ணி?"

"பாயுதுட்டி. நேத்து சாயங்காலத்துலருந்து பருத்திக்குப் பாயுது."

நான் தினமும் வைஞ்ச பயதான் முத ஆளா வந்திருக்கான். பூத்துக்காரர் பாக்காருன்னுகூடத் தோணாம அங்கேயே அழுதுட்டேன்.

மேல போய் இவியகிட்ட ஒண்ணு விடாமச் சொன்னேன். நான் கம்ப்யூட்டரைத் தொட்டதைக்கூட இவிய பெருசா எடுத்துக்கலை. கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"நம்பரெல்லாம் வாசிக்க முடிஞ்சுதாமா?"

"முடிஞ்சுதாம். அம்புட்டு நம்பரும் பளிச்சுன்னு இருந்துச்சுன்னு அக்காகிட்டச் சொன்னாங்களாம்."

மொகத்தைச் சொவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு குலுங்கிக் குலுங்கி அழுதாவ. "அழாதீங்க, தையல் பிரிஞ்சிரும்"னு சொல்லிக்கிட்டே நானும் அழுதேன்.